ஓடும்போது நிற்கும் வான்

சில நோய்கள் வைத்தியரின் வாசற்படியை மிதித்தவுடன் மறைந்துவிடுகின்றன. நோயாளி தன் வேதனையை எடுத்துரைக்கிறான். வைத்தியர் தொட்டுப் பார்க்கிறார். உடலில் ஒரு குறையும் தென்படுவதில்லை. அந்தக் கணத்தில் நோயாளி பொய்யனாகிவிடுகிறான். இயந்திரங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு என்பதையும், அது தன்னை நம்பிப் பிழைப்பவனைப் பொய்யனாக்கக்கூடியது என்பதையும் 2015 ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற வானொன்று எனக்குக் கற்பித்தது. பொறியியற்பீடத்தான் தமிழ்ச் சங்கத்து மலருக்கு எழுதப் புகுந்தால் இதைத்தானே எழுதுவான் என்று கலைப்பீட நண்பர்கள் நகைக்கக்கூடும். அவர்களின் நகைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் நான் எழுத விழைவது எஞ்சினைப் பற்றி மட்டுமன்று.

அப்பா பாடசாலை வான் ஓட்டியவர். அந்த வான் 1986 ஆம் ஆண்டில் ஜப்பானில் உற்பத்தியானது. அங்கே சில காலம் ஓடி, பின்னர் கொழும்பிலே பல கைகள் மாறி, யுத்தம் முடிந்தபின் 2011 இல் ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம் வந்து எங்கள் முற்றத்தை அடைந்தது. பெற்றோலில் ஓடுவது. அக்காலத்து ஜப்பானிய வான்கள் பலவற்றிற்போல எஞ்சின் முன்னாசனங்களின் கீழே இருந்தது. ஆசனத்தைத் தூக்கி மடித்தாலொழிய அதன் முகத்தைக் காண இயலாது. மதிய வேளையில் சாரதியின் ஆசனத்தில் அமர்வது அடுப்பங்கரையில் அமர்வதற்கு ஒப்பானது. இணுவிலிலும் கோண்டாவிலிலும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக் காலையில் நகரத்துப் பாடசாலைகளில் இறக்குவதும், பிற்பகல் ஒன்றரை மணிக்கு அவர்களை மீள ஏற்றிவந்து அவரவர் படலையில் விடுவதும் அப்பாவின் தொழில். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததும், உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் இருந்த எனக்குத் தனியார் வகுப்புகளுக்குப் பணம் கட்டப்பட்டதும் அந்தப் பதினான்கு பிள்ளைகளின் மாதக் கட்டணத்தினாலேயே.

வான் முதன்முதலில் நின்றது வைகாசி மாதத்திலே. காண்டாவனத்து வெய்யில். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நகரத்தைக் கடந்து வருகையில், எவ்வித முன்னறிவித்தலுமின்றி எஞ்சின் அணைந்தது. அப்பா உருண்ட வேகத்தைக் கொண்டே வீதியோரம் ஒதுக்கி நிறுத்தினார். பலமுறை முயன்றும் அது உயிர்பெறவில்லை. இருபது நிமிடங்கள் கழிந்தபின், ஒன்றுமே நடவாததுபோல முதலாவது முயற்சியிலேயே ஓடத் தொடங்கியது. மறு கிழமை இருமுறை. அடுத்த கிழமை ஒருமுறையும் இல்லை. காலைச் சவாரியில் அது நின்றதேயில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அப்போது அதை ஒருவரும் எண்ணவில்லை.

ஓடும் வாகனத்தில் எஞ்சின் அணைவது என்பது வெறுமனே தாமதம் பற்றிய விடயமன்று. தடுப்பு மிதியை நாம் காலால் அழுத்துகையில், அந்த அழுத்தத்தைப் பெருக்கித் தருவது எஞ்சின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடமே. எஞ்சின் நின்றால் சேமிப்பில் உள்ள வெற்றிடம் ஒன்று அல்லது இரண்டு முறை மிதிப்பதற்கே போதுமானது. அதன்பின் மிதி கருங்கல்லாகிவிடும். சக்தியூட்டப்பட்ட ஸ்ரியரிங் உள்ள வாகனமாயின் அதுவும் கையில் கனத்துவிடும். எங்கள் வானுக்கு அந்த வசதி இல்லை. அதன் ஸ்ரியரிங் எப்போதுமே கனமாகத்தான் இருந்தது என்பதால் அந்த வகையில் நாங்கள் இழந்தது ஒன்றுமில்லை.

அப்பா கராஜுக்குக் கொண்டு சென்றார். ஆசனத்தைத் தூக்கிவைத்து அரைமணி நேரம் ஓடவிட்டார்கள். ஆசனம் திறந்திருக்க, காற்றுப்பட, அது தேர்போல நின்று ஓடியது. "ஒண்டும் பிழையில்லை அண்ணை" என்றார் மெக்கானிக். எனினும் வெறுங்கையுடன் அனுப்பலாகாது என்று பிளக்குகளை மாற்றினார். இரண்டாம் முறை காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாம் முறை வேறொரு கராஜில் பெற்றோல் தாங்கியையே இறக்கிக் கழுவி, வடியையும் பம்பையும் புதிதாக்கினார்கள். மொத்தம் பதினெட்டாயிரம் ரூபா. ஒவ்வொரு முறையும் வான் கராஜில் ஓடியது. ஒவ்வொரு முறையும் சில நாட்களின் பின் வீதியில் நின்றது. அப்பா எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்: "இழுத்து இழுத்து நிக்கேல்லை. லைட்டை நூத்த மாதிரி நிண்டது." அந்த வாக்கியத்தை ஒருவரும் செவிமடுக்கவில்லை. சாரதி சொல்லும் அடையாளங்களைக் கராஜில் வேலை செய்வோர் பொதுவாக மதிப்பதில்லை. தங்கள் காதால் கேட்டதையே நம்புவர். அது தொழிற் செருக்கு என்றே நான் கருதுகிறேன், அவர்கள் நல்லவர்களாக இருந்தபோதிலும்.

இயந்திரத்திற் பிழை இல்லை எனின் பிழை மனிதனிடத்தே இருத்தல் வேண்டும் என்பது ஊரின் தருக்கம். முதலில் எழுந்தது மண்ணெண்ணெய்க் கதை. 1990களில், பொருளாதாரத் தடையின் காரணமாக யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்திலே, சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய பலருள் அப்பாவும் ஒருவர். அன்று அது திறமையெனப் போற்றப்பட்டது. இன்று அதுவே சாட்சியாயிற்று: "அவர் பழைய ஆள். மண்ணெண்ணெய் கலக்கிறார் போல." அடுத்து, அவர் கண்ணயர்ந்து கிளச்சை விடாமல் எஞ்சினை அணைத்துவிடுகிறார் என்றார்கள். அதற்கடுத்து வந்தது குடி. அப்பா குடிப்பவர் அல்லர். ஆனால் ஒருவர் குடிப்பதில்லை என்பதை எவ்வாறு நிரூபிப்பது? பதினான்கு பிள்ளைகள் பதினொன்றாயினர். பின்னர் ஒன்பது.

இந்த இடத்தில் நான் எழுதாமல் விடக்கூடியது ஒன்றுண்டு. அதனை எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள், வான் மீண்டும் நின்று அப்பா பிந்தி வந்த பிற்பகலிலே, அவர் கிணற்றடியில் முகங்கழுவிக்கொண்டு நின்றபோது நான் துவாயைக் கொடுக்கும் சாட்டில் அவருக்கு மிக அண்மையிற் சென்றேன். சென்றது அவருடைய மூச்சை முகர்ந்து பார்ப்பதற்காக. பெற்றோலும் வியர்வையும் மணத்தன. வேறொன்றும் இல்லை. அப்பா துவாயை வாங்கி முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்தபின்னும் சற்று நேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இனிப் புகையிரதக் கடவை பற்றிச் சொல்ல வேண்டும். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்ரோபரில் மீண்டும் வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தண்டவாளமே இல்லாதிருந்த ஒழுங்கைகளில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குப் புகையிரதம் புதியது. நின்று பார்த்துக் கடக்கும் பழக்கம் எமக்கு இருக்கவில்லை. அப்பா செல்லும் ஒழுங்கையொன்றில் காவலாளியில்லாத கடவை ஒன்று இருந்தது. ஆனி மாதத்து இறுதியில், ஒன்பது பிள்ளைகளுடன் அந்தக் கடவையில் ஏறும்போது வான் நின்றது. முன் சில்லுகள் தண்டவாளத்தைக் கடந்துவிட்டன. பின் சில்லுகள் கடக்கவில்லை.

அப்பா முதலிற் செய்தது பிள்ளைகளை இறக்கியது. மூத்த பிள்ளையொருத்தியிடம் மற்றவர்களின் கைகளைக் கோத்துவிட்டு வேலியோரத்தில் நிற்கச் செய்தார். பின்னர் தனியே ஏறி, முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதியாமலே திறப்பைத் திருப்பினார். எஞ்சின் உயிரற்றுக் கிடப்பினும் அதைச் சுழற்றித் தொடக்கிவிடும் ஸ்ராட் மோட்டர் தனியாகப் பற்றரியினால் இயங்குவது. கியர் விழுந்திருக்குமாயின் அந்தச் சிறிய மோட்டரே வாகனத்தைச் சில அடி தூரம் இழுக்கும். வான் முயல்போல விட்டுவிட்டுத் துள்ளித் தண்டவாளத்தைத் தாண்டியது. பற்றரி ஏறக்குறையச் செத்துவிட்டது. அன்று புகையிரதம் பிந்தியே வந்தது. அதற்குள் பிள்ளைகளும் வானும் அப்பால் நின்றார்கள். ஆயினும், கைகோத்து நின்ற பிள்ளைகள் வீடுதோறும் சென்று கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். மறுநாட் காலை வானில் ஏறியவர் மூவர்.

எங்கள் ஒழுங்கையின் முடக்கில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் முதியவர் ஒருவர் இருந்தார். ஊரில் அவரை றேடியோ மாமா என்பார்கள். கைத்தொலைபேசி வந்தபின் அவரிடம் செல்வோர் குறைவு. அவர் தாமாகவே வந்து, திண்ணையில் அமர்ந்து, அப்பாவை நோக்கி, "தம்பி, எப்பிடி நிண்டது?" என்று கேட்டார். இரண்டு மாதங்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். ஏன் நின்றது என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா தம் வாக்கியத்தைச் சொன்னார். முதியவர் தலையசைத்தார். பெற்றோல் குறைந்து நிற்கும் எஞ்சின் இருமி, இழுத்து, தயங்கியே நிற்கும். விளக்கு அணைந்ததுபோல் ஒரே கணத்தில் நின்றால் அது மின்னின் வேலை. சூட்டில் நின்று குளிரில் எழுந்தால் அது பற்றாசுப் பொருத்து அல்லது திரான்சிற்றர். பழைய வானொலிகளில் இதே நோயை நாற்பது ஆண்டுகளாகக் கண்டு வந்தவர் அவர்.

அவர் செய்த சோதனை மிக எளியது. வானை முற்றத்தில் ஓடவிட்டு, ஆசனத்தைத் தூக்கி, மகளுடைய தலைமயிர் உலர்த்தும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு பகுதியாகச் சூடாக்கினார். கொயிலைச் சூடாக்கினார், எஞ்சின் ஓடியது. அதன் அருகே, டிஸ்றிபியூற்றரின் பக்கத்தில் திருகப்பட்டிருந்த தீப்பெட்டியளவான கறுப்புத் துண்டொன்றைச் சூடாக்கினார். ஐந்து நிமிடம் சென்றிருக்கும். எஞ்சின் அணைந்தது. ஈரத் துணியை அதன்மேல் வைத்தார். சற்றே பொறுத்துத் திறப்பைத் திருப்பச் சொன்னார். ஓடியது. மீண்டும் சூடாக்கினார். அணைந்தது. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை அணைந்தபோது அம்மா அழத் தொடங்கினார்.

அந்தத் துண்டைத் தொழிலாளர் இக்னைற்றர் என்பர். பற்றரியின் 12 வோல்ற்று மின்னோட்டத்தைத் தூண்டற் சுருளினூடாகச் செல்லவிட்டு, உரிய கணத்தில் அதை வெட்டுவதே அதன் பணி. வெட்டும் கணத்தில் சுருளில் எழும் பல்லாயிரம் வோல்ற்று, பிளக்கின் நுனியில் தீப்பொறியாகிறது. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுழலுமாயின், செக்கனுக்கு நூறு தீப்பொறிகள் தேவை. அந்த நூறையும் வெட்டித் தருவது அதனுள் இருக்கும் திரான்சிற்றரே. இவ்வாறு வெட்டுகையில் அது தானும் சூடேறும். அந்தச் சூட்டை அடியிலுள்ள உலோகத்துக்குக் கடத்துவதற்காக, பொருத்தும்போது இடையில் ஒரு வெண்பசை பூசப்படல் வேண்டும். அதனைக் கழற்றியபோது பசை இல்லை. முன்பு யாரோ, எந்த ஊரிலோ, கழற்றிப் பூட்டுகையில் பசையைத் துடைத்துவிட்டு மறுபடி பூசாமல் விட்டிருக்கிறார். ஒரு பொட்டளவு பசை. கொழும்பிலிருந்து பழைய இக்னைற்றர் ஒன்று வரவழைக்கப்பட்டது. விலை நாலாயிரம் ரூபா. முதியவர் பசையைத் தாமே பூசினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வானின் நோய் தீர்ந்தது. பிள்ளைகளுள் ஏழு பேர் திரும்பி வந்தனர். ஏனையோர் அதற்குள் வேறு வான்களுக்குச் சென்றுவிட்டனர். குடி என்று சொன்னவர்கள் பின்னர் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாமையே மன்னிப்புக் கேட்டலாக எங்கள் ஊரிற் கொள்ளப்படும்.

பொறியியற்பீடத்துக்கு வந்தபின், இந்தக் கறுப்புத் துண்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். எங்கள் முற்றத்து நாடகம் வேறு நாடுகளில் எத்தனையோ மடங்கு பெரிதாக நடந்து முடிந்திருந்தது. அமெரிக்காவிலே போர்ட் கம்பனி 1983 முதல் 1995 வரை செய்த பல மாதிரிகளில் இக்னைற்றரை டிஸ்றிபியூற்றரின் மீதே, எஞ்சினின் வெப்பத்துக்குள் பொருத்தியிருந்தது. சூடேறினால் நின்றன, ஆறினால் ஓடின. சாரதிகள் முறையிட்டனர், பரிசோதித்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 2000 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் அலமீடா மாவட்ட நீதிமன்றத்து நீதிபதி மைக்கேல் பலாச்சி, இக்குறையைக் கம்பனி அறிந்திருந்தும் மறைத்தது எனக் கண்டு, அம்மாநிலத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் வாகனங்களைத் திருப்பியழைக்குமாறு கட்டளையிட்டார். அடுத்த ஆண்டு கம்பனி இணக்கத் தீர்வுக்கு வந்தது. அதனைப் படித்த இரவில் எனக்குக் கராஜுகளின் மேல் இருந்த கோபம் பெரிதும் தணிந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் உண்மையாகவே அறியாதவர். அறிந்தும் இல்லையென்றவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

2014 ஆம் ஆண்டு அந்நாட்டில் இன்னும் கொடிது வெளிப்பட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் சில சிறு கார்களில், திறப்பைத் திருப்பும் ஆளியின் பிடி தளர்ந்தது. திறப்புக்கோவையின் பாரத்தினாலோ, முழங்கால் தட்டியதாலோ அது தானே பின்னோக்கி நழுவும். எஞ்சின் அணையும், தடுப்பின் துணை போகும், மோதும் வேளையிற் காற்றுப்பைகளும் விரியா. 2006 அளவில் கம்பனி அந்த ஆளியை மாற்றியமைத்தது. ஆனால் உதிரிப்பாகத்தின் இலக்கத்தை மாற்றவில்லை. ஆகவே பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு உண்டென்பதே ஏட்டில் இல்லாமற்போயிற்று. வழக்கொன்றுக்காக அமர்த்தப்பட்ட பொறியியலாளர் ஒருவர், பழைய ஆளியையும் கடையில் வாங்கிய புதிய ஆளியையும் அருகருகே பிரித்து ஒப்பிட்டபோதே அது வெளிவந்தது. எங்கள் றேடியோ மாமா இருந்திருந்தால் அவரும் அதையே செய்திருப்பார். ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு அந்த ஆளி காரணமென நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆனியில், அமெரிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கென்றே வாங்கும் சிறு வான்களை 1983 இலிருந்து பரப்பிவந்த கிறைஸ்லர் கம்பனியும், அத்தகைய வான்கள் உட்பட ஏறக்குறைய 7 இலட்சம் வாகனங்களைத் திருப்பியழைத்தது. அங்கும் பிழை திறப்பின் ஆளியிலேயே.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் நான் 2019 விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதற்குள் பழைய வானை விற்று, டீசல் வான் ஒன்றை வாங்கியிருந்தார். டீசலில் தீப்பொறியே இல்லை, இனித் தொல்லையில்லை என்பது அவர் கணக்கு. டீசல் பம்பில் மின்னினாற் திறக்கும் வால்வொன்று உண்டென்பதையும், அதற்கு மின் போகாவிட்டால் டீசல் எஞ்சினும் நிற்கும் என்பதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

சொன்னது இதுதான். டெக்சாஸ் மாநிலத்தில் 2004 இல் ஓர் இளம்பெண் ஓட்டிச் சென்ற கார் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. அருகிலிருந்த அவளுடைய காதலன் இறந்தான். அவளே குற்றவாளி என்றார்கள். அவளும் தன்னால்தான் இறந்தான் என நம்பி, 2007 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டாள். அந்தக் காரும் அந்த ஆளி பொருத்தப்பட்ட கார்களுள் ஒன்று. 2014 கார்த்திகையில், விபத்துக்கும் ஆளிக்கும் தொடர்புண்டு என்று கம்பனி எழுத்தில் ஒப்புக்கொண்டபின், நீதிபதி அவள்மீதிருந்த குற்றத்தீர்ப்பை நீக்கினார்.

அப்பா சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பை நிறுத்தாமலே கேட்டார்:

"எத்தனை வருஷம் எண்டனீ?"

"பத்து வருஷம், அப்பா."

அவர் காற்றை அளந்து பார்த்தார். மூடியைத் தேடியெடுத்துப் பூட்டினார். பின்னர், நிலத்தைப் பார்த்தபடியே, "அந்தப் பத்து வருஷமும் அந்தப் பிள்ளையின்ர வீட்டில அவளை நம்பினவையோ?" என்று கேட்டார்.

அது ஏட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. தெரியாது என்றேன். அப்பா தலையாட்டிவிட்டு அடுத்த சில்லுக்குப் போனார். நான் பம்பைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னே சென்றேன்.